இரத்தக் குழாய்களும் இளமையில் இரத்த அழுத்தமும்

"இரத்தக் கொதிப்பு" என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? மூக்குக் கண்ணாடி அணிந்து, மாத்திரைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும் தாத்தா. உப்பில்லாக் கஞ்சியை முகம் சுளித்துக் குடிக்கும் பாட்டி. பதினெட்டு அல்லது இருபது வயதுப் பெண் ஒருத்தியின் உருவம் தோன்றுவதே இல்லை. அச்சொல்லும் பொருத்தமற்றது, அந்நினைப்பும் பொருத்தமற்றது. எவருடைய உடலிலும் இரத்தம் கொதிப்பதில்லை. அழுத்தம் மிகுந்தவருக்கும் சரி, குறைந்தவருக்கும் சரி, அதன் வெப்பம் 37 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கின்றது. சினம் கொண்டவரின் முகம் சிவப்பதைக் கண்டு நம் முன்னோர் இட்ட பெயர் போலும்!

கொதிப்பது இல்லையெனில், மிகுவது எது? குழாயின் சுவரை இரத்தம் தள்ளும் விசையே மிகுகின்றது. ஏன் மிகுகின்றது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் இதயத்தையே காட்டுவோம். இதயம் வலுவாக அடிக்கின்றது, ஆகவே அழுத்தம் ஏறுகின்றது என்போம். அதிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், ஆண்டுக்கணக்கில் ஏறி நிற்கும் அழுத்தத்திற்குப் பெரும்பாலும் பொறுப்பாவன, கண்ணுக்குப் புலப்படாத சிறு இரத்தக் குழாய்களே. அக்குழாய்கள் இளமையிலேயே தம் இயல்பை இழக்கத் தொடங்கக்கூடும் என்பதைத்தான் தோழியரே, இக்கட்டுரையில் நாம் காணவிருக்கின்றோம்.

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்து காட்டியவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரின் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவரான ஸ்டீவன் ஹேல்ஸ். அவர் ஒரு பெண் குதிரையைப் படுக்க வைத்துக் கட்டி, அதன் தொடைத் தமனியில் ஒரு பித்தளைக் குழலைச் செருகி, அதனுடன் 9 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றை நிறுத்தி இணைத்தார். தமனியின் கட்டை அவிழ்த்ததும் இரத்தம் குபுகுபுவென ஏறி 8 அடி 3 அங்குல உயரத்தில் நின்றது. நின்ற இடத்திலும் அது அசையாமல் நிற்கவில்லை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் சற்றே ஏறி ஏறி இறங்கியது. இவற்றையெல்லாம் அவர் 1733ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். குதிரையின் நிலையை நினைத்தால் நமக்கு வருத்தமே. எனினும் அந்தக் கண்ணாடிக் குழாயிலிருந்துதான் இத்துறையே பிறந்தது.

மனிதரைத் துன்புறுத்தாமல் அளக்கும் வழிக்கு மேலும் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரொச்சி, கையில் காற்றுப்பட்டை கட்டிப் பாதரசத்தை ஏற்றும் கருவியை அமைத்தார். 1905இல் ருசிய அறுவை மருத்துவர் கொரட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்டால் இரண்டு எண்களை அறியலாம் என்று கண்டார். இன்று பாதரசத்தின் நஞ்சுத் தன்மை கருதிப் பல மருத்துவமனைகள் அக்கருவியைக் கைவிட்டு மின்னணுக் கருவிக்கு மாறிவிட்டன. பாதரசம் போனாலும் அதன் பெயர் போகவில்லை. "120/80 மில்லிமீட்டர் பாதரசம்" என்றே இன்றும் சொல்கின்றோம்.

அந்த இரண்டு எண்களில் மேல் எண், இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும் வேளையில் உண்டாகும் அழுத்தம். கீழ் எண், இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும் வேளையில் உள்ள அழுத்தம். இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இதயம் தள்ளுவதை நிறுத்திவிட்ட நேரத்தில் அழுத்தம் பூச்சியமாக அன்றோ இறங்க வேண்டும்? 80இல் நிற்பது எங்ஙனம்?

பெருந்தமனியின் மீள்தன்மையே இதற்கு விடை. ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் விட்டமுள்ள பெருந்தமனி, ரப்பரைப் போல் இழுபடும் நார்களால் ஆனது. இதயம் ஒருமுறை தள்ளும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு அது விரிகின்றது. இதயம் ஓய்ந்ததும் அது தானே சுருங்கி, வாங்கி வைத்ததை முன்னே அனுப்புகின்றது. ஆகவே விட்டுவிட்டுப் புறப்படும் இரத்தம், விரல் நுனியை அடையும்போது ஏறக்குறைய சீரான ஓட்டமாகிவிடுகின்றது. அக்காலத்துத் தீயணைக்கும் பம்புகளில் காற்றறை ஒன்று இருக்கும். கைப்பிடியை விட்டுவிட்டு அடித்தாலும் நீர் தொடர்ந்து பீறிடும். பெருந்தமனியை அந்தக் காற்றறைக்கு ஒப்பிட்டவரும் நம் ஹேல்ஸ்தான். வயது ஏற ஏற இந்த ரப்பர் விறைத்துப் போகும். விரிந்து இடம் கொடாததால் மேல் எண் ஏறும். முதியவர்களிடம் மேல் எண் மட்டும் 160, 170 என்று தனியே உயர்ந்து நிற்பதற்கு இதுவே தலையாய காரணம்.

இளையோரின் கதை வேறு. அவர்களுடைய பெருந்தமனி பெரும்பாலும் நன்றாகவே விரியும். சிக்கல் அதற்கப்பால், நுண்தமனிகளில் தொடங்குகின்றது.

பெருந்தமனி கிளைத்துக் கிளைத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்தமனிகளாகின்றது. அவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசைச் செல்கள் சுற்றியிருக்கும். தசை இறுகினால் குழாயின் துளை சுருங்கும்; தளர்ந்தால் விரியும். பெருந்தமனியிலிருந்து புறப்படும் இரத்தத்தின் சராசரி அழுத்தம் 93 என்று கொண்டால், கை, கால்களின் பெரிய தமனிகளைக் கடந்து வரும்போது அதில் சிறிதளவே குறைகின்றது. நுண்தமனிகளைத் தாண்டித் தந்துகிகளின் வாயிலுக்கு வரும்போதோ அது 35 அளவுக்கு வீழ்ந்துவிடுகின்றது. வேறெங்கும் இவ்வளவு பெரிய வீழ்ச்சி இல்லை. ஆறு எங்கே மதகில் அடைபட்டு இறங்குகின்றதோ, அங்கேதான் நீர்மட்டத்தை ஆளும் கை இருக்கின்றது என்பது உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துளையின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை நம் அடுக்களையிலேயே பார்க்கலாம். கிறிஸ்துமஸ், தீபாவளி நாள்களில் அம்மாவுக்கு உதவியாக முறுக்குப் பிழிந்திருப்போம். முறுக்கு அச்சில் மாவு இலகுவாக இறங்கும். அதே மாவை ஓமப்பொடி அச்சில் இட்டுப் பிழிந்தால் இரண்டு பிழிவுக்குள் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். துளை சிறிதே குறுகியதற்குக் கை படும் பாடு பன்மடங்காகின்றது. குழாயில் ஓடும் நீர்மத்திற்கு இதைக் கணக்காகவே எழுதிக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசே. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு, 1840களில் அவர் வெளியிட்ட விதி இது: குழாயின் தடை, அதன் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் மாறும். ஆரம் பாதியானால் தடை இரு மடங்கோ நான்கு மடங்கோ அன்று, பதினாறு மடங்காகும்! ஆரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தாலே தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். பள்ளியில் நான்காம் படியை வெறும் கணக்காகக் கற்ற நமக்கு, அது நம் கைக்குள்ளேயே நாளும் நடந்துகொண்டிருக்கின்றது என்பது வியப்பாகவே இருக்கின்றது.

இதயமா, குழாயா, எது அழுத்தத்தை ஆள்கின்றது என்னும் வழக்கிற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம்.

முதலாவது, ஓட்டப் பந்தயம். ஓய்வில் நிமிடத்திற்கு 72 முறை, முறைக்கு 70 மில்லிலிட்டர் வீதம் இதயம் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகின்றது. நன்கு ஓடும் இளம்பெண் ஒருத்திக்கு இது 15, 20 லிட்டர்கூட ஆகும். குழாய்கள் அப்படியே இருந்திருந்தால் சராசரி அழுத்தம் 93இலிருந்து 300ஐயும் தாண்டி ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறுவதில்லை. மேல் எண் உயர்கின்றது, உண்மைதான். கீழ் எண்ணோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கின்றது. உழைக்கும் தசைகளிலுள்ள நுண்தமனிகள் தம் கதவுகளை அகலத் திறந்துவிடுவதே காரணம்.

இரண்டாவது சான்று தாய்மை. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்குகூட மிகுகின்றது. இதயமும் கூடுதலாகவே செலுத்துகின்றது. இவ்விரண்டையும் மட்டும் பார்ப்பவர் அழுத்தம் ஏறும் என்றே கூறுவார். நடப்பது நேர்மாறு. நான்காம், ஐந்தாம் திங்களில் நலமுள்ள தாயின் அழுத்தம் முன்னைவிடச் சற்று இறங்கியே இருக்கும். உடலெங்கும் குழாய்கள் தளர்ந்து இடம் கொடுக்கின்றன. அவ்வாறு இடம் கொடாமல், கருப்பையின் தமனிகள் அகலமாக விரியத் தவறும்போது, தாயின் இரத்தக் குழாய்களின் உட்பூச்சு பழுதுற்று, இருபதாம் வாரத்திற்குப் பின் அழுத்தம் ஏறி, தாயையும் சேயையும் ஒருங்கே அச்சுறுத்தும் நோய் தோன்றுகின்றது. கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் கையில் பட்டை கட்டிப் பார்ப்பது வெறும் சடங்கு அன்று.

கதவைத் திறப்பதும் மூடுவதும் யார் என்பது அடுத்த கேள்வி. நரம்புகள் ஒரு பங்கு செய்கின்றன; அச்சமும் பரபரப்பும் தசையை இறுக்கும். சிறுநீரகம் தூண்டும் ஆஞ்சியோடென்சின் போன்ற பொருள்களும் இறுக்கும். ஆனால் தளர்த்துவது? அதைக் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. சற்று விரித்தே சொல்கின்றோம்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிப்பில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. சுவரின் மேல் அடித்த வெள்ளையைப் போல, இரத்தம் வழுக்கிச் செல்ல உதவும் வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் அறிஞர்கள் எண்ணியிருந்தனர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆய்வு செய்துவந்த ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை மருந்து நீரில் தொங்கவிட்டு அவை இறுகுவதையும் தளர்வதையும் அளந்துவந்தார். அசெட்டைல்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தால் சில துண்டுகள் தளர்ந்தன. சில துண்டுகள் இறுகின. ஒரே பொருள், ஒரே குழாய், இரு வேறு விடைகள்! ஆராய்ந்தபோது மருமம் வெளிப்பட்டது. இறுகிய துண்டுகளைத் தயாரிக்கும்போது அவற்றின் உட்புறம் உரசுண்டு அப்படலம் போய்விட்டிருந்தது. படலம் நலமாக இருந்த துண்டுகளே தளர்ந்தன. ஆகவே தளர்த்தும் செய்தி அந்தப் படலத்திலிருந்தே புறப்படுகின்றது என்று 1980இல் அவர் வெளியிட்டார்.

அச்செய்தி எந்தப் பொருள்? 1986, 1987ஆம் ஆண்டுகளில் விடை கிடைத்தது: நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு! மோட்டார் வண்டிப் புகையில் உள்ளதென நாம் படித்த அதே வாயு. படலச் செல்களில் பிறந்து, சில வினாடிகளே உயிர் வாழ்ந்து, அருகிலுள்ள தசையைத் தளர்த்திவிட்டு மறைகின்றது. இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து பொருள் ஈட்டியவர் ஆல்ஃபிரட் நோபெல். அவருடைய இறுதி நாள்களில் நெஞ்சு வலிக்கு மருத்துவர் எழுதித் தந்த மருந்தும் அதே நைட்ரோகிளிசரின்தான். அது உடலில் நைட்ரிக் ஆக்சைடைத் தந்து குழாயைத் தளர்த்துகின்றது என்பது அவர் இறந்து எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரிந்தது.

நலமுள்ள மனிதரிடம் இந்த வாயு எப்போதாவது வேலை செய்கின்றதா, எப்போதும் வேலை செய்கின்றதா? 1989இல் லண்டனில், அதன் உற்பத்தியைத் தடுக்கும் பொருளை முன்கைத் தமனியில் சிறிதளவு செலுத்திப் பார்த்தனர். முன்கையின் இரத்த ஓட்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதாவது, நாம் உறங்கும்போதும் படிக்கும்போதும் அந்த மெல்லிய படலம் ஓயாமல் குழாய்களைத் தளர்த்திக்கொண்டே இருக்கின்றது. அது சோர்ந்தால் குழாய் தானாகவே இறுகும். பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இப்படலத்திற்குத் துணை செய்கின்றது. இளம்பெண்களின் அழுத்தம் ஒத்த வயது ஆண்களைவிடப் பொதுவாகச் சற்றுக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு இயற்கை அளித்த சலுகை என்று வைத்துக்கொள்வோம். ஆயினும் அது நிரந்தர உரிமை அன்று, மாதவிடாய் நின்ற பின் இச்சலுகை குறைந்துவிடும்.

இளையோரிடம் இப்படலம் பழுதுபடுமா என்பதைச் சோதிக்க எளிய முறை ஒன்று 1992இல் லண்டனிலிருந்தே வெளிவந்தது. கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்தி வைப்பார்கள். பட்டையைத் தளர்த்தியதும் இரத்தம் வெள்ளமாய்ப் பாயும். பாயும் இரத்தம் படலத்தின் மேல் உராய, அது நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும், தமனி விரியும். கேளா ஒலிக் கருவி கொண்டு அதை அளப்பர். நலமுள்ள இளையோரின் கைத் தமனி நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை விரியும். புகை பிடிக்கும் இளைஞர்களிடமும், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த குழந்தைகளிடமும் இவ்விரிவு வெகுவாகக் குறைந்திருந்தது. வெளிப்பார்வைக்கு அவர்கள் நலமாகவே இருந்தனர். நோய் என்று எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதைவிட நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தது, 1996இல் இத்தாலியின் பீசா நகரத்து மருத்துவர்கள் கண்டது. உயர் இரத்த அழுத்தமுள்ள பெற்றோரின் மக்களை அவர்கள் சோதித்தனர். அம்மக்களுக்கு அழுத்தம் இன்னும் ஏறவில்லை. எனினும் அவர்களுடைய முன்கைக் குழாய்கள், அசெட்டைல்கோலினுக்கு மற்றவர்களின் குழாய்கள் அளவு தளரவில்லை. எண் ஏறும் முன்னரே குழாய் மாறத் தொடங்கியிருந்தது. படலம் கெடுவதால் அழுத்தம் ஏறுகின்றதா, அழுத்தத்தால் படலம் கெடுகின்றதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நம் கருத்து, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன என்பதே.

அப்படித் தள்ளிவிடும் வழிகளில் ஒன்றை 1950களில் சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் ஃபோல்கோவ் எடுத்துக் காட்டினார். அழுத்தம் மிகுந்தவர்களின் கைக் குழாய்களை இயன்ற மட்டும் முழுவதும் தளரச் செய்து அளந்தபோதும், அவற்றின் தடை மற்றவர்களுடையதைவிட மிகுந்தே இருந்தது. தசை இறுக்கம் நீங்கியும் தடை நீங்கவில்லை என்றால், குழாயின் கட்டுமானமே மாறிவிட்டது என்பது பொருள். தினமும் சுமை தூக்குபவரின் தோள் திரள்வது போல, மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் சுவரும் தடிக்கின்றது. தடித்த சுவர் உட்புறத் துளையைக் குறைக்கின்றது. துளை குறையத் தடை ஏறுகின்றது. நான்காம் படியை இங்கே நினைவுகூர வேண்டும். முதலில் இறுக்கமாக மட்டும் இருந்தது, பின்னர் அமைப்பாகவே உறைந்துவிடுகின்றது.

சிறுநீரகத்தை மறந்துவிட்டால் கணக்கு முடியாது. அழுத்தம் ஏறினால் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றி அதைக் கீழே கொண்டுவருவது அதன் பணி. ஆனால் அச்சிறுநீரகத்திற்கு இரத்தம் கொண்டு செல்வதும் ஒரு குழாயன்றோ? 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் ஓரளவு நெருக்கினார். உடல் முழுவதும் அழுத்தம் ஏறி, ஏறியபடியே நின்றது. தனக்கு வரும் இரத்தம் குறைந்ததைக் கண்ட சிறுநீரகம், உடலுக்கே அழுத்தம் போதவில்லை என்று தவறாக எண்ணிக்கொண்டு, குழாய்களை இறுக்கும் பொருளைத் தூண்டிவிடுகின்றது. உப்பையும் பிடித்து வைத்துக்கொள்கின்றது. நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் அந்த 5 கிராம் என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டுமா?

அழுத்தம் வயதோடு ஏறியே தீரும் என்று சிலர் கூறுவர். இத்தாலியின் உம்பிரியா பகுதியில், உலகத் தொடர்பை விலக்கி மடத்தினுள்ளேயே வாழும் 144 கன்னியரையும், அதே பகுதியில் இல்லறத்தில் வாழ்ந்த 138 பெண்களையும் 1960களில் தொடங்கி 30 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவந்தனர். தொடக்கத்தில் இரு சாராரின் அழுத்தமும் ஒன்றே. இல்லறத்துப் பெண்களுக்கு ஆண்டுதோறும் ஏறியது. கன்னியருக்கு ஏறவே இல்லை. ஒருவருக்கேனும் கீழ் எண் 90ஐத் தாண்டவில்லை. முடிவில் மேல் எண்ணில் மட்டும் 30க்கும் மேற்பட்ட வேறுபாடு நின்றது. இரு சாராரும் உண்ட உப்பின் அளவில் வேறுபாடில்லை. எடையும் இரு புறமும் ஏறியது. அமைதியான வாழ்வே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். நம் ஆசிரியைகளான அருட்சகோதரியர் இதைப் படித்தால், முப்பது நோட்டுகளைத் திருத்தும் நாளில் தங்களுக்கு அந்த அமைதி எங்கே என்று கேட்கக்கூடும்!

இளமையில் சற்று ஏறினால் என்ன, பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் ஒரு விடை உண்டு. அமெரிக்காவின் பர்மிங்காம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் ஆகிய நான்கு நகரங்களில் 1985, 1986ஆம் ஆண்டுகளில் 18 முதல் 30 வயது வரையிலான 5,115 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினர். அவர்களில் 4,851 பேரின் வரலாறு 2018இல் வெளியாயிற்று. நாற்பது வயதுக்கு முன்னரே அழுத்தம் 140/90ஐ எட்டியவர்களுக்கும், அதற்காக மருந்து உண்டவர்களுக்கும், 120/80க்குக் கீழே இருந்தவர்களைவிட, பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதியாக வந்தன. இடைப்பட்ட அளவில் இருந்தவர்களுக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் வந்தன.

ஆகையால் இருபது வயதில் ஏறிய எண்ணை ஒரு முறை கண்டு அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மாடிப்படி ஏறி வந்தவுடன், அல்லது காப்பி குடித்த கையோடு அளந்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறு பட்டையைக் கட்டினாலும் எண் பொய்யாக ஏறும். வேறு வேறு நாள்களில் அளந்தும் ஏறியே இருந்தால்தான் நோய் எனலாம். மேல் எண் மட்டும் ஏறிய இளைஞர் சிலரிடம், குழாய்கள் நன்றாக விரியும் இயல்பினாலேயே கையில் எண் கூடுதலாகக் காட்டுவதுண்டு. கீழ் எண் ஏறியிருந்தால் நுண்தமனிகளின் இறுக்கத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

இளம்பெண் ஒருத்தியின் அழுத்தம் மிகவும் ஏறியிருந்தால், தேர்ந்த மருத்துவர் வேறு சிலவற்றையும் தேடுவார். பெருந்தமனியில் பிறவியிலேயே ஓரிடம் ஒடுங்கியிருக்கலாம். அப்போது கைகளில் அழுத்தம் மிகுந்தும், தொடையில் நாடி தளர்ந்தும் இருக்கும். கோல்ட்பிளாட்டின் கவ்வியைப் போல, நோயே சிறுநீரகத் தமனியை நெருக்கியிருக்கலாம். நார்த்தசை வளர்ச்சிக் கோளாறு என்னும் அவ்வகை நெருக்கம் பெரும்பாலும் பெண்களுக்கே வருவது. சிறு பலூனைச் செலுத்தித் தமனியை விரித்தால் பலருக்கு அழுத்தம் இறங்கிவிடுகின்றது. இன்னொன்று, 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் டகயாசு, 21 வயதுப் பெண்ணொருத்தியின் கண்ணில் கண்டு எழுதிய நோய். பெருந்தமனியும் அதன் பெருங்கிளைகளும் அழன்று, தடித்து, ஒடுங்கும். ஜப்பானிலும் நம் இந்தியாவிலும் இளம்பெண்களிடம் காணப்படும் இந்நோய்க்கு "நாடியற்ற நோய்" என்றும் ஒரு பெயர் உண்டு. இதில் கைக்குச் செல்லும் தமனியே ஒடுங்கிவிடுவதால், உடலுக்குள் அழுத்தம் மிகுந்திருந்தும் கையில் கட்டிய பட்டை குறைவான எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும். ஆகவே மருத்துவர் இரு மணிக்கட்டுகளின் நாடியையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்ப்பார். இரு கைகளிலும் பட்டை கட்டி அளப்பார். ஐயமிருந்தால் பட்டையைத் தொடையில் கட்டியும் அளப்பார். சிலருக்கு அங்கேதான் உண்மையான எண் தெரியவரும்.